டிராக்டரின் கீழ்க் கை வளைந்தால் நிமிர்த்தலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் 35 குதிரைத்திறன் உள்ள பழைய டிராக்டர் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. ஆடிப் பட்டத்துக்கு மணிலா விதைக்க ஒன்பது கொழுக் கலப்பை போட்டு உழுதோம். நிலத்தில் புதைந்திருந்த பாறையில் கலப்பை மாட்டிக்கொண்டது. கலப்பையைத் தூக்காமலே மகன் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டான். வலது பக்க லோயர் லிங்க் வளைந்துவிட்டது. பட்டறை ஆசாரியிடம் காட்டினோம். "பழுக்கக் காய்ச்சி ரெண்டு தட்டு தட்டினா நிமிர்ந்துடும்மா, ஒரு மணி நேர வேலை" என்கிறார். "அப்புறம் ஒடியாதா அண்ணே?" என்று கேட்டதற்கு, "தண்ணியில முக்கி எடுத்தா இரும்பு முன்னவிட உறுதியாயிடும்" என்கிறார். என் தம்பியோ புதிது வாங்கச் சொல்கிறான். பெய்த மழையின் ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். வண்டியை ஓட்டுவது பிளஸ் டூ முடித்த என் மகன். எது சரி என்று சொல்லுங்கள்.
வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கடிதத்துடன் வாசகி அனுப்பியுள்ள படத்தில், கையின் நடுவே தூக்குத் தண்டு மாட்டும் துளையை ஒட்டியே வளைவு விழுந்திருப்பது தெரிகிறது. துளையின் ஓரத்தில் பெயின்ட் மயிரிழை போல் வெடித்திருக்கிறது. இந்தக் கையை நிமிர்த்தக் கூடாது. மாற்றத்தான் வேண்டும். தம்பி சொன்னதே சரி. ஆனால் வளைந்த கைகள் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. எதை நிமிர்த்தலாம், எதை நிமிர்த்தக் கூடாது என்பது பழைய டிராக்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

கீழ்க் கைகளின் வேலை

டிராக்டரின் பின்னால் கருவியை மூன்று இடத்தில் பிடிக்கும் இந்த அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன். அதற்கு முன் கலப்பையை வண்டி போல டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிப் பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் இறப்பதும் உண்டு. கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க், இவற்றைத் தூக்கி இறக்க ஹைட்ராலிக் என்ற ஏற்பாட்டுடன் 1936-ல் அவருடைய டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1939-ல் ஃபோர்டு நிறுவனத்தின் டிராக்டரிலும் இதே அமைப்பு இடம்பெற்றது. இன்று நம் ஊரில் ஓடும் எல்லா டிராக்டர்களிலும் இருப்பது இதுதான்.

உழும்போது கலப்பையை இழுப்பவை கீழ்க் கைகள் இரண்டும்தான். டாப் லிங்க் பெரும்பாலும் தள்ளுவிசையைத் தாங்குகிறது. எனவே கீழ்க் கைகள் இழுவிசைக்கு ஏற்றபடி செய்யப்பட்டுள்ளன. ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் யாராலும் அறுக்க முடியாது. அதே கம்பியை இரு முனையிலும் அமுக்கினால் சிறு பிள்ளைகூட வளைத்துவிடும். கீழ்க் கையும் அப்படித்தான். இழுத்தால் தாங்கும், தள்ளினாலும் பக்கவாட்டில் நெருக்கினாலும் மடங்கும். கொழு மண்ணில் இருக்கும்போது வண்டியைப் பின்னால் எடுத்தால் டிராக்டரின் முழு எடையும் வேகமும் அந்தக் கைகளை அமுக்குகின்றன. வாசகியின் வயலில் நடந்தது இதுவே.

கை வளைவதற்கு வேறு காரணங்களும் உண்டு.

* கலப்பையைத் தூக்காமல் வரப்போரத்தில் வண்டியைத் திருப்புவது.
* செக் செயின் தளர்ந்து, தூக்கிய கருவி ஊசலாடி டயரிலும் சேஸிஸிலும் இடிப்பது.
* சேற்றில் சிக்கிய வண்டியையோ மரக்கட்டையையோ ஒரே ஒரு கையில் சங்கிலி கட்டி இழுப்பது.
* டிராக்டரின் திறனுக்கு மீறிய பெரிய ரொட்டவேட்டரை மாட்டி, மேடு பள்ளமான பாதையில் வேகமாகப் போவது.
* டயர் கழற்றும்போது கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி வைப்பது.

வளைவா, வடிவமா என்று முதலில் பார்க்க வேண்டும்

பல மாடல்களில் கீழ்க் கையைக் கம்பெனியிலேயே சற்று வளைத்துத்தான் செய்திருப்பார்கள். பின்புற டயரில் உரசாமல் இருக்கவும், கருவியின் அகலத்துக்குப் பொருந்தவும் அந்த வளைவு தேவை. இது தெரியாமல் நல்ல கையை நேராக்கி, பிறகு எந்தக் கருவியும் மாட்ட முடியாமல் தவித்தவர்கள் உண்டு. எனவே ஒரு கையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, கருவியைக் கழற்றி, இரண்டு பின்சக்கரங்களிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு கைகள் இரண்டையும் கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும். முன் குண்டின் துளை நடுவிலிருந்து பின் குண்டின் துளை நடுவரை டேப் பிடித்து அளக்கவும். வளைந்த கை மற்றதைவிடக் குட்டையாக இருக்கும். அடுத்து, இந்த இரண்டு துளைகளின் நடுவையும் இணைத்து நூல் கட்டி, நூலுக்கும் கைக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு சாணுக்கும் அளந்து சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளவும். வலது கையின் அளவுகள் இடது கையின் அளவுகளோடு கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒத்துப்போக வேண்டும். எந்தக் குறியில் மாறுகிறதோ அங்கேதான் வளைவு தொடங்குகிறது.

கையைத் தரையில் மல்லாக்க வைத்துப் பார்க்கவும் மறக்கக் கூடாது. ஒரு முனை தரையில் படிந்து மறுமுனை சாய்ந்து நின்றால் கை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கழற்ற முடியாத நிலையில் வயலிலேயே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. டிராக்டர் நேராகப் போகும்போது கலப்பை கோணலாக வருவது, லெவலிங் பாக்ஸைத் திருகிச் சரிசெய்தும் ஒரு பக்கக் கொழு ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் உழுவது, ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பது, டயரின் உட்பக்கத்தில் உரசிய தடம் இருப்பது ஆகியவை கை வளைந்ததற்கான அடையாளங்கள்.

எதை நிமிர்த்தலாம்?

கையின் நடுப்பகுதியில், துளைகளுக்கும் குண்டுகளுக்கும் எட்டி, வில் போல மெதுவாக விழுந்த சிறு வளைவை மட்டும் நிமிர்த்தலாம்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் நிமிர்த்தக் கூடாது.

* கூர்மையாக மடிந்த வளைவு.
* குண்டு பொருந்தும் கண்ணுக்கு அருகிலோ தூக்குத் தண்டு மாட்டும் துளைக்கு அருகிலோ உள்ள வளைவு.
* முறுக்கு.
* எங்காவது விரிசல்.
* முன்பே ஒரு முறை நிமிர்த்தியதோ வெல்டிங் செய்ததோ ஆன கை.

இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் நாலைந்து முறை மடக்கி நிமிர்த்தினால் அது ஒடிந்துவிடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு மடக்கும் அந்த இடத்தைக் கடினமாக்கி, இளக்கத்தைக் குறைக்கிறது. கனமான கையிலும் இதுவே நடக்கிறது, வெளியே தெரிவதில்லை.

சூடு வைத்தால் என்ன ஆகும்?

ஆசாரியின் கைத்திறனில் குறை ஒன்றும் இல்லை. கொழு தட்டுவதிலும் மண்வெட்டி காய்ச்சுவதிலும் அவர் சொல்வது சரியான முறையே. கொழுவின் முனை மண்ணில் தேயக் கூடாது, அதற்குக் கடினம் வேண்டும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கடினம் கிடைக்கிறது. ஆனால் கடினமான இரும்பு கண்ணாடி போன்றது, அதிர்ச்சியில் பட்டென்று உடையும். கொழு முனை உடைந்தால் வேறு கொழு போட்டுக்கொள்ளலாம். கீழ்க் கைக்குத் தேவை கடினம் அல்ல, அதிர்ச்சியைத் தாங்கும் இளக்கமான வலிமை. கொழுவுக்கு நல்லதாக இருக்கும் வைத்தியமே கைக்குக் கெடுதலாகிறது.

அப்படியானால் தண்ணீரில் முக்காமல் தானாக ஆறவிட்டால் போதுமா என்று சிலர் கேட்பார்கள். அதிலும் சிக்கல் உண்டு. பல கம்பெனிகள் கீழ்க் கையை அடித்து உருவாக்கியபின், அளவான சூட்டில் பதப்படுத்தி வலிமை ஏற்றுகின்றன. இரும்பு சிவக்கும் அளவுக்குச் சூடானால், அதாவது 650, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அந்தப் பதம் போய்விடும். ஆறிய பிறகு பார்வைக்குக் கை நேராக இருக்கும். ஆனால் சூடு பட்ட இடம் மற்ற இடத்தைவிட மென்மையாகி, அடுத்த சுமையில் அங்கேயே மீண்டும் வளையும். கேஸ் டார்ச்சால் சூடு வைத்தாலும் ஊது உலையில் வைத்தாலும் இதே கதைதான்.

குளிர்ந்த நிலையில் நிமிர்த்தும் முறை

நிமிர்த்தத் தகுந்த கை என்றால், லேத் பட்டறைகளில் உள்ள ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சூடு வைக்காமல் நிமிர்த்தச் சொல்ல வேண்டும். சம்மட்டியால் அடிக்கக் கூடாது. அடியில் வளைவு நிமிர்வதோடு இரும்பில் பள்ளமும் விழுந்து, பின்னாளில் அங்கிருந்தே விரிசல் தொடங்கும்.

வளைவின் முதுகுப் பக்கம் மேலே வரும்படி கையை இரண்டு கட்டைகளின் மேல் வைக்க வேண்டும். கட்டைகள் வளைவுக்கு இருபுறமும் தள்ளி அகலமாக இருக்க வேண்டும். குண்டின் கண்களின் மேல் கையைத் தாங்க வைக்கக் கூடாது. பிரஸ்ஸுக்கும் கைக்கும் நடுவே தட்டையான இரும்புப் பட்டை வைத்து மெதுவாக அமுக்க வேண்டும். அமுக்கம் எடுத்ததும் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும். எனவே நேர்நிலையைச் சற்றே தாண்டி அமுக்கி, விட்டு, அளந்து, மீண்டும் அமுக்க வேண்டும். ஒரே அமுக்கில் முடிக்க முயன்றால் மறுபக்கம் வளைந்துவிடும். இடது கையின் அளவுக் குறிப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் வேலை சுலபம். இடது கையையே கொண்டுபோவது இன்னும் நல்லது.

அமுக்கும்போது கைக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. பிரஸ்ஸிலிருந்து நழுவும் இரும்பு குண்டு போலப் பாயும்.

விரிசல் சோதனை

நிமிர்த்தியபின் விரிசல் பார்க்காமல் மாட்டக் கூடாது. இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. வளைவு இருந்த இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் சுத்தமாகத் தேய்க்கவும். அங்கு மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம் ஊறவிடவும். நன்றாகத் துடைத்து உலரவிட்டு, சாக்குக்கட்டிப் பொடியை மெல்லிதாகப் பூசவும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் கருத்த கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்தக் கை பழைய இரும்புக் கடைக்குத்தான். மயிரிழை விரிசலும் விரிசலே. மண்ணெண்ணெய் வைத்துச் செய்யும்போது அருகில் நெருப்பும் பீடியும் கூடாது.

மாற்றுவதானால் கவனிக்க வேண்டியவை

இந்த வாசகி செய்ய வேண்டியது இதுதான். கம்பெனி உதிரிபாகக் கடையில் டிராக்டரின் மாடலும் சேஸிஸ் எண்ணும் சொல்லிக் கேட்டால் சரியான கை கிடைக்கும். மாடலுக்கு மாடல் விலை மாறும் என்பதால் இரண்டு கடைகளில் விசாரிப்பது நல்லது. பழைய வண்டி உடைக்கும் இடத்தில் வாங்குவதானால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். துளைக்குத் துளை நீளம் பழைய இடது கைக்குச் சமமாக இருக்க வேண்டும். பின் குண்டின் துளை, கருவியின் ஊசிக்குப் பொருந்த வேண்டும். சிறிய டிராக்டர்களில் உள்ள முதல் வகை இணைப்புக்கு ஊசி 22 மில்லிமீட்டர், பெரிய டிராக்டர்களில் உள்ள இரண்டாம் வகைக்கு 28 மில்லிமீட்டர். மூன்றாவதாக, மேலே சொன்ன விரிசல் சோதனையைப் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

கையை வளைத்த விசை கையோடு நின்றிருக்காது. தூக்குத் தண்டு, அதன் ஊசிகள், லெவலிங் பாக்ஸ், டாப் லிங்க், கைகள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள், கலப்பையின் சட்டம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். புதிய கை மாட்டி, கோணலான ஊசியை அப்படியே விட்டால் புதிய கையும் நிலைக்காது.

மாட்டி முடித்ததும் கலப்பையை இணைத்து, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, இரண்டு பக்கமும் தரையிலிருந்து சம உயரமாக இருக்கிறதா என்று அளக்கவும். பிறகு இரண்டு சால் உழுது, ஆழம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தபின் முழு வேலைக்கு விடவும்.

உயிர் பற்றிய விஷயம்

வாசகி தன் மகனைப் பற்றி எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியுள்ளது. பதம் கெட்ட கை, உழும்போது உடைந்தால் கலப்பை வயலில் கிடக்கும், அவ்வளவே. ஆனால் சாலையில் கருவியைத் தூக்கிக்கொண்டு போகும்போது உடைந்தால், ஒரு பக்கப் பிடிப்பு போன கலப்பை வீசி அடிக்கும். பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர்தான் அகப்படுவார். ரொட்டவேட்டர் சுழலும்போது உடைந்தால் பி.டி.ஓ. தண்டு கழன்று சுழன்று அடிக்கும். சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிப்பதற்கு ஈடான இடம் இது அல்ல.

கையைக் கழற்றும்போது கருவி தரையில் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்திருக்கும் கருவிக்கு அடியில் கையையோ காலையோ நீட்டவே கூடாது. லீவரில் ஒரு குழந்தையின் கை பட்டாலும் போதும், கருவி இறங்கிவிடும்.

மகனைத் திட்டிப் பயனில்லை. மாட்டினால் முதலில் கிளட்ச்சை மிதித்து நிறுத்து, லீவரால் கலப்பையைத் தூக்கு, தூக்கவில்லை என்றால் இறங்கிப் பார், அதன் பிறகே ரிவர்ஸ் என்று ஒரு முறை வயலில் வைத்துச் செய்துகாட்டினால் மறக்க மாட்டான். அந்தப் பாறை இருக்கும் இடத்தில் ஒரு கம்பு நட்டு வைப்பதும் அவசியம்.

விதைப்பு நிற்காமல் இருக்க

கை வந்து சேர ஓரிரு நாள் ஆகலாம். அதற்காக வளைந்த கையோடு உழ வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் டிராக்டரும் கருவிகளும் வாடகைக்குத் தருகிறது. வட்டாரத்தில் உள்ள உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்கலாம், உழவன் செயலி வழியாகவும் விவரம் அறியலாம். பக்கத்து வயல்காரரிடம் மாற்று வேலையாகவும் உழுதுகொள்ளலாம். மானாவாரி மணிலாவுக்கு ஈரம் முக்கியம். ஒரு நாள் வாடகை போனாலும் பட்டம் தவறாமல் விதைப்பதே லாபம்.

மற்ற வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: டிரெய்லரின் இரண்டு டயர்களும் உட்பக்கம் மட்டும் தேய்கின்றன. அச்சு வளைந்திருக்குமா?
பதில்: அதிக பாரம் ஏற்றியதால் அச்சின் நடுப்பகுதி தொய்ந்திருக்கலாம். அப்போது சக்கரங்களின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உட்பக்கம் தேயும். முதலில் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அச்சின் இரு முனைகளுக்கும் நூல் பிடித்து நடுவில் இடைவெளி பாருங்கள். சிறு தொய்வைப் பிரஸ்ஸில் குளிர்ந்த நிலையில் சரிசெய்யலாம். சக்கரம் மாட்டும் கழுத்துப் பகுதியில் வளைந்திருந்தால் அச்சை மாற்ற வேண்டும். பாரத்தைக் குறைக்காவிட்டால் புதிய அச்சும் இதே நிலைக்கு வரும்.

கேள்வி: ஒடிந்த கீழ்க் கையை வெல்டிங் வைத்து, மேலே பட்டை போட்டு ஓட்டலாமா?
பதில்: கூடாது. வெல்டிங்கின் சூடு பக்கத்து இரும்பின் பதத்தைக் கெடுக்கிறது. பட்டை முடியும் இடத்தில் விசை குவிந்து, அடுத்த முறை அங்கே ஒடியும். அவசரத்துக்குக்கூட அதில் ரொட்டவேட்டரைத் தூக்க வேண்டாம்.

கேள்வி: செக் செயினை இறுக்கமாக வைக்க வேண்டுமா, தளர்வாக வைக்க வேண்டுமா?
பதில்: கருவியைப் பொறுத்தது. கலப்பை உழும்போது இருபுறமும் கொஞ்சம் அசைய இடம் வேண்டும். ஆனால் தூக்கியபின் டயரில் படக் கூடாது. ரொட்டவேட்டருக்குப் பக்கவாட்டு ஆட்டம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கருவி மாற்றும் ஒவ்வொரு முறையும் செயினையும் மாற்றி அமையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும், இறுக்கியபின் செக் நட்டைப் பூட்டுங்கள்.